மிதி மெஷின் மறுபடி ஓடிய கோடை

விடுமுறை தொடங்கி மூன்றாம் நாள் மதியம். வெளியே கண் கூசும் வெயில். இரண்டு பிள்ளைகளும் தரையில் புரண்டபடி, "இப்ப என்னம்மா செய்யறது?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. நாலைந்து முறை கேட்டுவிட்டார்கள். என் பார்வை அறை மூலைக்குப் போனது. அங்கே அம்மாவின் தையல் மெஷின். மேலே ஒரு பழைய விரிப்பு, விரிப்பின் மேல் மடிக்காத துணிகள். மூன்று வருடமாக அது மேஜையாகத்தான் இருந்தது.

"இதை ஓட வைக்கலாமா?" என்றேன். இருவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கறுப்பு வார்ப்பிரும்புத் தலை, கீழே இரும்புக் கால்கள், மிதிப்பலகை, பெரிய சக்கரம், தோல் பெல்ட். பொன் எழுத்துகள் தேய்ந்து பெயரே படிக்க முடியாத நிலை. அம்மா என்னை வளர்த்த காலம் முழுக்க இதில்தான் தைத்தார். எனக்குக் கொடுத்தபோது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கெட்டது என் கையில்தான்.

கைச்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அசையவே இல்லை. துரு என்று நினைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தால், அடியில் துருவே இல்லை. மூட்டுகள் எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பிசின் போல ஒட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது. கடைசியாகத் தைத்த நாளில் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோய், அவசரத்துக்குச் சமையல் எண்ணெயை விட்டிருந்தேன். சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப்பட்டு இறுகிவிடும். அன்றைக்கு மெஷின் வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. பிறகு அந்த எண்ணெயே பசையாகி எல்லா மூட்டையும் பிடித்துக்கொண்டது. தையல் மெஷினுக்கென்று விற்கும் தண்ணீர் போன்ற நிறமற்ற எண்ணெயைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள். இந்தப் பதிவில் ஒரு வரி மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

தலையைச் சாய்க்கும்போது கவனம் தேவை. பின்னால் இரண்டு கீல்களில்தான் அது நிற்கிறது. திருகு தளர்ந்திருந்தால் கழன்று காலில் விழும், நல்ல எடை. நான் மெஷினைச் சுவரை ஒட்டி நகர்த்தி, நடுவில் தலையணை வைத்து, அதன் மேல் சாய்த்தேன். "நான் சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றதும் சின்னவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வேலை முடியும் வரை அவிழ்க்கவில்லை.

இறுகிய எண்ணெயை இளக்க மண்ணெண்ணெய். ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், பிள்ளைகளை வாசலருகே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் கையுறை போட்டுச் செய்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் சில சொட்டு. மேலே உடம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை எண்ணெய் விடவே வைத்தவை. அவற்றிலும் விட்டேன். பிறகு காத்திருப்பதுதான் வேலை. சக்கரத்தைப் பலம் கொடுத்துத் திருப்பக் கூடாது, உள்ளே எதுவும் வளைந்துவிட்டால் அப்புறம் வழியில்லை. காலையில் சில சொட்டு, மாலையில் சில சொட்டு, ஒவ்வொரு முறையும் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மாலை ஒரு விரற்கடை நகர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பெரியவளின் குரல்: "அம்மா! சுத்துதும்மா! முழுசா சுத்துது!" ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே ஓடினேன். ஊசிக் கம்பி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. சின்னவன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான், தலையும் கூடவே ஆடியது.

இளகிய அழுக்கை எல்லாம் துணியால் துடைத்தெடுத்த பிறகுதான் சரியான எண்ணெய். இங்கே சின்னவனுக்கு வேலை கொடுத்தேன். நான் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவேன், எங்கெல்லாம் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். எது அசைகிறதோ அதற்கு ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, கூடினால் துணியில் கறை. இருபத்து மூன்று இடங்களைக் கண்டுபிடித்தான். அதில் இரண்டு நான் இத்தனை வருடத்தில் கவனிக்காதவை.

அடுத்தது அடிப்பகுதி. ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டை இரண்டு திருகுகள் பிடித்திருக்கின்றன. அதைக் கழற்றினால் துணியைப் பின்னால் தள்ளும் பல் தெரியும். பற்களுக்கு நடுவே பஞ்சு அடைந்து கம்பளித் துண்டு மாதிரி இறுகியிருந்தது. இது நிரம்பிவிட்டால் பல் தட்டுக்கு மேலே எழும்பாது, துணி நகராது, ஒரே இடத்தில் தையல் குவியும். பலரும் மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுப்பது இந்தப் பஞ்சுக்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது. பிரஷ்ஷால் தள்ளிவிடக் கூடாது, உள்ளே போய்விடும். பெரியவள் புருவம் திருத்தும் இடுக்கியால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். முழுசாக, ஒரே பட்டையாக வந்தது.

அந்தப் பட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிறம் நிறமாக அடுக்கு. மேலே மஞ்சள், அது நான் கடைசியாகத் தைத்த திரைச்சீலை. அதன் கீழே வெள்ளை, சாம்பல். அடியிலிருந்த நீலம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தபோது சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நீலமா? உன் பள்ளிக்கூடப் பாவாடையா இருக்கும். அதுக்கப்புறம் நான் நீலத்துல எதுவும் தைக்கலையே" என்றார். பெரியவள் அந்தப் பட்டையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

கீழ் நூலைச் சுற்றிவைக்கும் குட்டி உருளைதான் பாபின். அதைப் போட்டுவைக்கும் பாபின் கேஸையும், அது உட்காரும், மேல் நூலைப் பிடித்துப் பின்னும் ஷட்டிலையும் கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொண்டோம். கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி வைத்தோம். மாட்டும்போது கடைசியிலிருந்து எதிர்த்திசையில் வந்தால் போதும். இந்த யோசனை பெரியவளுடையது. ஷட்டில் ஓடும் பள்ளத்தில் மூன்று இடங்களில் அறுந்த நூல் சிக்கிக் கிடந்தது. எடுத்துவிட்டு, துடைத்து, அங்கே ஒரு சொட்டு.

பெல்ட் காய்ந்து வெடித்திருந்தது. புதியது சுமார் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் உருண்டையான தோல் கயிறு, ஆறு அடி நீளம். பெரிய சக்கரத்தையும் கைச்சக்கரத்தையும் சுற்றி, மேஜைப் பலகையிலிருக்கும் துளைகள் வழியாகக் கொண்டுவந்து, அளந்து வெட்டி, இரண்டு முனைகளிலும் துளை போட்டுக் கம்பிக் கொக்கியால் இணைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள். நீளமாக இருந்தால் திரும்ப வெட்டலாம். விரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும், அதே சமயம் சக்கரத்தில் வழுக்கக் கூடாது. தோல் முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும், எனக்கு ஒருமுறை அரை அங்குலம் குறைக்க வேண்டி வந்தது.

பெல்ட் போட்டு மிதித்ததும் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றி வரும்போதெல்லாம் ஒரு சின்ன 'டக்'. மிதிப்பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டில்தான் எங்கோ. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மிதிப்பது பார்க்கத்தான் எளிது. சக்கரம் எப்போதும் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். புதிதாக மிதிப்பவர்களுக்குச் சக்கரம் பாதியில் நின்று திரும்பி ஓடும். அதற்குக் கைச்சக்கரத்தின் நடுவிலிருக்கும் வட்டத் திருகைத் தளர்த்திவிட்டால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. பாபினில் நூல் சுற்ற வைத்த ஏற்பாடு அது, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட அதைவிட நல்லது இல்லை. பெரியவள் இரண்டு நாள் வெறும் சக்கரத்தை மிதித்தாள். கையால் ஒருமுறை நம் பக்கம் இழுத்துவிட்டு, அந்த வேகத்திலேயே கால் சேர வேண்டும். "காலால யோசிக்கணும் போலம்மா" என்றாள்.

சின்னவனுக்குக் கால் எட்டவில்லை. என் மடியில் உட்கார்ந்து, தன் பாதங்களை என் பாதங்களின் மேல் வைத்துக்கொண்டான். நான் மிதிக்க மிதிக்க அவன் குதிகால் என் கால்விரல்களில் ஏறி இறங்கும். வெயிலில் ஓடி வந்த கால், சூடாக இருக்கும். ஏழு வயதுப் பிள்ளை மடியில் வந்து உட்காருவது இனி எத்தனை நாளைக்கு என்று எனக்கும் தெரியும், அதனால் தைப்பதற்கு எதுவும் இல்லாத நேரத்திலும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

நூல் இல்லாமல் காகிதத்தில் ஓட்டுவதுதான் முதல் பாடம். கோடு போட்ட நோட்டுத் தாள், பழைய ஊசி. காகிதம் ஊசியை மழுக்கிவிடும், ஆகவே நல்ல ஊசியை மாட்டாதீர்கள். விரல்கள் ஊசியிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும், கண் ஊசியைப் பார்க்காமல் கோட்டைப் பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்தால் கோடு கோணும். நேர்க்கோடு, பிறகு அலை, பிறகு சுருள். சுருள் போட்ட தாளை ஜன்னலில் ஒட்டினோம். சாயங்கால வெயில் துளைகள் வழியே சுவரில் சுருளாக விழுந்தது.

இனிமேல்தான் உண்மையான தொல்லை.

நூல் கோத்துத் தைத்துப் பார்த்தால் மேலே தையல் ஒழுங்காகத் தெரிந்தது, கீழே திருப்பினால் குருவிக்கூடு. கீழேதானே சிக்கல் என்று பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போனது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழே சுருள் சுருளாக வந்தால் கோளாறு மேல் நூலில். மேல் நூலைப் பிடிக்க ஆளில்லாமல் அது அளவுக்கு மிஞ்சிக் கீழே இறங்குகிறது. மேல்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால், மேல் நூல் அதிக இறுக்கம் அல்லது பாபின் நூல் தளர்வு. சரியான தையலில் இரண்டு நூலும் துணியின் கனத்துக்குள்ளேயே பின்னிக்கொள்ளும், எந்தப் பக்கமும் முடிச்சுத் தெரியாது.

என் தவறு இதுதான். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருந்தேன். பாதம் இறங்கியிருக்கும்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடிக்கொள்ளும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் ஓரத்திலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்தால் தட்டுகள் திறந்திருக்கும், நூல் உள்ளே இறங்கும். தூக்கிக் கோத்தேன். கூடு காணாமல் போனது. அம்மா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார்!

பாபின் இறுக்கத்தைப் பார்க்கவும் அவர் சொன்ன முறைதான். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு, கையை மெல்ல ஒரு உதறு உதறினால் சற்று இறங்கி நிற்க வேண்டும். தானாகவே சரசரவென்று இறங்கினால் தளர்வு, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். பக்கத்திலிருக்கும் குட்டித் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

அப்படியும் மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பத்து அங்குலம் தைத்தால் ஒரு அறுப்பு. நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், இறுக்கத்தைக் குறைத்தேன். ஊசி மாட்டிய விதத்தையும் பார்த்தேன். ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு குழி ஓடும், நூல் அந்தப் பக்கமிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். மறுபக்கம் தட்டை, அது ஷட்டில் முனை வந்து நூலைப் பிடிக்கும் பக்கம். ஊசி அடிவரை போய் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும், அந்த வளையத்துக்குள் ஷட்டில் முனை நுழையும். ஊசி திரும்பியிருந்தால் வளையமே கிடைக்காது. என் ஊசி சரியாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஸ்பீக்கர்ல போட்டு ஊசிப் பக்கத்துல வை. தை" என்றார். தைத்தேன். "நிறுத்து. இன்னொரு தடவை, மெதுவா." மறுபடி தைத்தேன். "ஊசி இறங்கறப்ப ஒரு கீச்சு கேக்குதே, உனக்குக் கேக்கலையா? ஓட்டைப் பக்கம் எங்கயோ உரசுது பாரு" என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் வந்து, "ஆமாம்மா, கேக்குது" என்றான்.

ஊசித் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவள் கொஞ்சம் பஞ்சைத் திரித்து அந்தத் துளைக்குள் விட்டு இழுத்தாள். ஒரு இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள், அதே இடம். எப்போதோ ஊசி உடைந்தபோது தட்டின் துளை விளிம்பில் இடித்து, முடியளவு ஒரு பிசிறு எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் நூல் அதில் உரசி உரசி நைந்து அறுந்திருக்கிறது. நல்ல நைசான உப்புத்தாளை ஊசி கனத்துக்குச் சுருட்டி, துளைக்குள் விட்டு, விளிம்பை மட்டும் தேய்த்தோம். துளை பெரிதாகிவிடக் கூடாது, ஆகவே ஐந்தாறு முறை தேய்ப்பது, பஞ்சால் சோதிப்பது, மறுபடி தேய்ப்பது. நான்காவது சோதனையில் பஞ்சு தடையில்லாமல் வந்தது. தட்டைத் துடைத்து மாட்டித் தைத்தேன். ஒரு முழ நீளம், நூல் அறவில்லை. இரண்டு முழம், அறவில்லை. நிறுத்த மனம் வரவில்லை, துணி முடியும் வரை தைத்தேன். என் கணவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மூவரும் துணியோடு வாசலுக்கே போய்விட்டோம். அவரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கீழ்ப்பக்கம் எது, மேல்பக்கம் எது?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

அன்று இரவு படுக்கும்போது பெரியவள் கேட்டாள்: "கையில தைக்கிற ஊசிக்குக் காது மேல இருக்கு. இதுக்கு ஏன்மா கீழ நுனியில இருக்கு?" மெஷின் தையலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. கை ஊசி முழுசாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போகிறது. மெஷின் ஊசி போவதில்லை, நுனியில் நூலைக் கொண்டுபோய்க் கீழே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. நுனியில் காது வைத்த ஊசியும் கீழே இன்னொரு நூலும் சேர்ந்து பின்னும் முறைக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அவர் மெஷினில் ஊசி வளைந்திருக்கும், படுக்கைவாட்டில் ஓடும், துணி செங்குத்தாகத் தொங்கும். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற மெஷினில் ஊசி நேராக நின்று மேலும் கீழும் ஓடியது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மறுநாள் தம்பிக்கு அவள் சொல்லிக்கொடுத்தபோதுதான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

மெஷின் ஓடத் தொடங்கியபின் என்ன தைப்பது? பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. யாருக்கும் கொடுக்கவும் முடியாமல், எறியவும் மனமில்லாமல் சேர்த்தவை. அவற்றைச் சதுரமாக வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று முடிவானது. கணக்குப் பெரியவளுடையது: ஆறரை அங்குலச் சதுரம், ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்கு, தைத்தபின் ஆறு அங்குலம். அகலத்துக்கு எட்டு, நீளத்துக்குப் பத்து, மொத்தம் 80 துண்டு. முடிந்தால் நான்கடிக்கு ஐந்தடி.

துணி பலமுறை துவைத்தது என்பதால் இனிச் சுருங்காது, அது ஒரு வசதி. அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதை வைத்துச் சின்னவன் பென்சிலால் வரைவான், நான் வெட்டுவேன். துணியின் இழை போகும் திசைக்கு நேராக வரைய வேண்டும், சாய்வாக வெட்டினால் ஓரம் இழுபட்டுச் சதுரம் கோணிவிடும். ஒவ்வொரு சட்டையை விரிக்கும்போதும் ஒரு கதை. "இது நான் மழையில விழுந்த சட்டை." "இது எனக்குப் பல் விழுந்தன்னிக்குப் போட்டது." ஒரு குட்டிச் சட்டையை மட்டும் வெட்ட எனக்குக் கை வரவில்லை. சின்னவன் பிறந்த முதல் மாதத்துச் சட்டை. கையளவுதான் இருந்தது, எப்படியும் அதில் ஆறரை அங்குலம் கிடைக்காது. பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

முதல் வரிசை எட்டுத் துண்டையும் தைத்து அளந்தால் நாற்பத்தெட்டரை அங்குலம் வர வேண்டும். வந்தது ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைவாக. பெரியவளுக்கு முகம் வாடிவிட்டது, தன் கணக்கு தப்பு என்று. கணக்கு தப்பில்லை. என் தையல்தான் கால் அங்குலத்தைவிட அரை நூல் அளவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே ஓடியிருந்தது. ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும். ஏழு தையலுக்கு எட்டில் ஏழு. அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். விடை வந்ததும் முகம் தெளிந்தது. பிறகு ஸ்கேலை ஊசிக்கடியில் வைத்து, கால் அங்குலக் கோட்டில் ஊசி முனை தொடும்படி இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷினின் தளத்தில் ஒரு டேப் ஒட்டினோம். அதன்பின் துணி ஓரத்தை டேப்பை உரசியபடி விட்டால் போதும். அந்த வரிசையைப் பிரித்து மறுபடி தைத்தோம்.

டீ-ஷர்ட் துணி வந்ததும் தையல் விட்டு விட்டு விழுந்தது. அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். கூர் ஊசி இழைகளை அறுத்துக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போவதால் நூல் வளையம் சரியாக விரியாது. இதற்கென்று நுனி உருண்ட ஊசி இருக்கிறது, இழைகளை விலக்கிவிட்டு இறங்கும். அதை மாட்டி, டீ-ஷர்ட் சதுரத்தின் அடியில் பழைய வேட்டி மாதிரி மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்ததும் சரியானது. சாதாரணச் சட்டைத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸ் துண்டுகளுக்கு 16. ஊசிப் பெட்டியில் 90/14 என்று போட்டிருந்தால் முதல் எண், ஊசியின் குறுக்களவை மில்லிமீட்டரில் நூறில் பங்காகச் சொல்வது, 0.90. பெரியவள் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கண்ணில் பட்ட ஊசிகளின் எண்ணை எல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, எல்லாம் நின்றது. மெஷின் மட்டும் ஓடியது. ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டோம். பெரியவள் தைத்தாள், நான் ஓரங்களை மடித்து ஊசி குத்திக் கொடுத்தேன், சின்னவன் ஒரு அட்டையால் இருவருக்கும் விசிறினான். அவன் கை ஓய்ந்தால் நான் விசிறினேன். மூன்று வரிசை முடிந்தது. ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியபோது, "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைகளை இணைக்கும்போது, ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். மேலே ஒட்டுத் துணி, நடுவில் தேய்ந்த பருத்திப் போர்வை, அடியில் பழைய படுக்கை விரிப்பு. ஒரு கை அகலம் விட்டு நாலு பக்கமும் தைத்து, உள்வெளியாகப் புரட்டி, அந்த இடைவெளியைப் பெரியவள் கையால் தைத்து மூடினாள். கடைசியாக மூன்றடுக்கையும் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, தையல் பள்ளங்களின் மேலேயே ஒரு ஓட்டம். தையலைச் சற்று நீளமாக வைத்தோம், அங்குலத்துக்கு எட்டு. கனமான துணிக்குப் பாதத்தின் அழுத்தத்தை மேலிருக்கும் திருகால் கொஞ்சம் தளர்த்தினால்தான் அடுக்குகள் நகராது. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் கூடிவிடும், நாங்கள் முதல் கோட்டை அப்படிப் போட்டுப் பிரித்தோம்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது முடிந்தது. தரையில் விரித்தோம். எந்தச் சதுரம் யாருடையது என்று எண்ணினார்கள். பெரியவளுக்கு 39, சின்னவனுக்கு 36. மீதி ஐந்து என் கணவரின் பழைய சட்டை, என் பழைய கவுன். சின்னவனுக்கு மூன்று குறைந்தது பெரிய குறை. "நீ இன்னும் வளரணும்டா, அப்புறம் உன் சட்டை நிறைய சின்னதாகும்" என்று அக்கா சமாதானம் சொன்னாள். அன்றிரவு ஒரே போர்வைக்குள் இருவரும். பாதி ராத்திரியில் போய்ப் பார்த்தபோது போர்வை காலடியில் கிடந்தது, வெயில் காலம்தானே. எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். மடிக்கும்போது விரலில் ஒவ்வொரு தையலும் தட்டுப்பட்டது. கொஞ்சம் கோணியவை அவள் தைத்தவை.

அந்த 'டக்' சத்தம் மட்டும் போகவில்லை. சக்கரத்தின் அச்சுத் திருகை இறுக்கினேன், எண்ணெய் விட்டேன், தண்டு சேரும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் குறைந்தது, அடுத்த நாள் திரும்பி வந்தது. பள்ளி திறந்த பிறகு ஒரு மதியம், வீடு அமைதியாக இருந்தபோது, அம்மாவுக்குப் போன் செய்து இந்த முறை போனை மிதிப்பலகைப் பக்கம் வைத்தேன். "இதை மட்டும் சரி பண்ண முடியலம்மா, என்னன்னு கேளுங்க" என்று மிதித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் மிதிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தின? ஓட்டு" என்றார். "அது எப்பவும் இருந்த சத்தம்தான். நான் தைக்கறப்ப நீ மெஷினுக்குப் பக்கத்துலயே தூங்கிடுவ. நான் நிறுத்தினா முழிச்சுக்குவ."

தோல் துண்டை எடுத்துவிட்டேன்.